ஃபெர்பா பெட்டியில் டிக் போடலாமா, கூடாதா?

கேள்வி: ஒரு வாசகர், 14 செப்டம்பர் 2024

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நவம்பர் 1-க்குள் இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போக வேண்டும். காமன் ஆப்பில் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம்) ஃபெர்பா என்று ஒரு பக்கம் வருகிறது; அது மாணவர் பதிவுகளை யார் பார்க்கலாம் என்பதற்கான அமெரிக்கச் சட்டமாம். ஆசிரியர்கள் எழுதும் சிபாரிசுக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்கிறது. பள்ளிக் கவுன்சிலர் "விட்டுக்கொடு" என்கிறார். சட்டம் கொடுத்த உரிமையை எதற்கு விட்டுக்கொடுப்பது? அந்த டீச்சருக்கும் இவளுக்கும் போன வருடம் ஒரு சின்ன மனத்தாங்கல் வேறு. என்ன எழுதினார் என்று பார்க்க நமக்கு உரிமை இருக்கிறதுதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

14 செப்டம்பர் 2024, இரவு 10.40

டிக் போடச் சொல்லுங்கள், அதாவது விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். காரணம் பிறகு. நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறேன், வருடத்துக்கு இருபது இருபத்தைந்து கடிதம் எழுதுகிறேன், என் வீட்டிலும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு இருக்கிறது. அதனால் இந்தப் பெட்டியை மூன்று பக்கமிருந்தும் பார்த்தாயிற்று.

நீங்கள் நினைக்கிற உரிமை வேறு, சட்டத்தில் இருக்கிற உரிமை வேறு. ஃபெர்பா பாதுகாப்பது ஒரு கல்லூரியில் சேர்ந்து படிக்கிற, அல்லது படித்து முடித்த மாணவரை. விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர் அந்தக் கல்லூரியைப் பொறுத்தவரை 'மாணவர்' கணக்கிலேயே வரமாட்டார். டீச்சர் மோசமாக எழுதி, அதனாலேயே இடம் கிடைக்காமல் போனது என்று வையுங்கள். அந்தக் கல்லூரியிடம் போய்க் கடிதத்தைக் காட்டு என்று கேட்க முடியாது. இடம் கிடைத்து, சேர்ந்து, வகுப்புக்குப் போன பிறகுதான் கேட்கலாம். அப்போது பார்த்து என்ன செய்வது? கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

இன்னொன்று. மனத்தாங்கல் உள்ள டீச்சரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? அங்கேதான் பிரச்சினை, பெட்டியில் இல்லை. வேறு டீச்சர் இல்லையா?

அப்புறம் அந்த 'நமக்கு'. உங்கள் மகளுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றால் பள்ளிப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோரிடம்தான் இருக்கிறது, அதனால் பள்ளி விஷயத்தில் 'நமக்கு' சரி. 18 ஆனாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது உரிமை முழுக்க அவளிடம் போய்விடும். ஆக இப்போதைக்கு முடிவு உங்கள் கையில்.

15 செப்டம்பர் 2024, காலை 7.15

நேற்று எழுதியதன் கடைசி வரி தவறு. தூங்குவதற்கு முன்னால் விதியை எடுத்துப் படித்தேன். படித்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். சிபாரிசுக் கடிதத்துக்கான வேவரைப் பற்றி, அதாவது பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதைப் பற்றி, தனியாகவே சொல்லியிருக்கிறார்கள்: எழுத்தில் இருக்க வேண்டும், மாணவர் கையெழுத்துப் போட வேண்டும், வயது எதுவானாலும். 17 வயதுப் பெண் ஆனாலும் அவள்தான். ஆக முடிவு உங்கள் கையில் இல்லை, என் கையிலும் இல்லை. நான் பாட்டுக்கு "டிக் போடச் சொல்லுங்கள்" என்று உங்களிடம் சொல்லிவிட்டேன், அதையும் அவளிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

15 செப்டம்பர் 2024, மாலை 6.05

டல்லாஸ் அண்ணன் கேட்டது: விட்டுக்கொடுக்கவில்லை என்றால் விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்களா? கூடாது. வேவரை அட்மிஷனுக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. விட்டுக்கொடுத்தாலும் யார் யார் கடிதம் எழுதினார்கள் என்று பெயரைக் கேட்டால் சொல்ல வேண்டும். எந்தக் காரியத்துக்காக எழுதப்பட்டதோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யவும் முடியும், ஆனால் ரத்துக்குப் பிறகு நடப்பதற்கு மட்டும்தான் அது செல்லும், பழையது பழையதுதான்.

இதெல்லாம் காகிதத்தில். நடைமுறையில் சில ஆசிரியர்கள், மாணவர் பார்ப்பார் என்று தெரிந்தால் எழுதவே மாட்டேன் என்கிறார்கள். எழுதினாலும் உப்பில்லாமல் எழுதுவார்கள். படிக்கிறவருக்கும் அது தெரியும்.

17 செப்டம்பர் 2024

சென்னையிலிருந்து எழுதிய தம்பிக்கு. உங்கள் கல்லூரியை ஃபெர்பா கட்டுப்படுத்தாது, அது அமெரிக்க மத்தியக் கல்வித் துறையின் பணம் வாங்கும் நிறுவனங்களுக்கான சட்டம். ஆனால் உங்கள் கடிதம் போய்ச் சேரும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை அது கட்டுப்படுத்தும். நீங்கள் அங்கே சேர்ந்துவிட்டால், விட்டுக்கொடுக்காமலும் இருந்தால், உங்கள் ஹெச்.ஓ.டி. எழுதியதைப் பார்க்கக் கேட்கலாம்.

சரி, இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஹெச்.ஓ.டி. எழுதியதா? நம்ம ஊரில் எல்.ஓ.ஆர். (சிபாரிசுக் கடிதம்) யார் எழுதுகிறார்கள் என்று நமக்குள் ஏன் மறைக்க வேண்டும். நான் 2003-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். எம்.எஸ். போக மூன்று கடிதம் வேண்டும். சீனியர் ஒருவர் தன்னுடைய மூன்றையும் ஃபிளாப்பியில் கொடுத்தார். அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. "இட் ஈஸ் வித் கிரேட் பிளெஷர்" என்று தொடங்கும், நடுவில் "ஒன் ஆஃப் த பெஸ்ட் ஸ்டூடண்ட்ஸ் ஐ ஹேவ் டாட் இன் மை கெரியர்" வரும், பெயரை மாற்றினால் போதும். அவரை நீக்கி என் பெயரைப் போட்டேன், ஒரு இடத்தில் மாற்ற மறந்தேன், நல்லவேளை பிரிண்ட் எடுக்கும் கடைக்காரர் கவனித்தார். "தம்பி, மேல ஒரு பேரு கீழ ஒரு பேரு இருக்கே?" என்றார். அப்புறம் லெட்டர்ஹெட் கேட்டு ஆபீஸுக்கு நாலு நடை, கையெழுத்து, முத்திரை, கவர், கவரின் ஒட்டின இடத்தில் குறுக்கே இன்னொரு கையெழுத்து. எட்டுப் பல்கலைக்கழகம், மூன்று பேர், இருபத்து நான்கு கவர். என் மூன்று கடிதங்களையும் நானே எழுதினேன், நானே ஒட்டினேன்.

இதில் வேடிக்கை, அந்தப் படிவத்திலும் இதே பெட்டி இருந்தது. பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா, இல்லையா. நான் இல்லை என்று டிக் போட்டேன். நானே எழுதிய கடிதத்தை நான் பார்க்கும் உரிமையை ஏன் விட்டுக்கொடுப்பது என்ற தெளிவான சட்டச் சிந்தனை!

இப்போது எல்லாம் இணையத்தில். ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள், ஜிமெயில் கொடுத்தால் சில துறைகள் சந்தேகப்படுகின்றன. பலருக்குக் கல்லூரி முகவரியே இல்லை, இருந்தாலும் கடவுச்சொல் மறந்திருக்கும். அதனால் பையன்களே திறந்து, பையன்களே அனுப்பி... வேண்டாம், இதற்கு மேல் எழுதவில்லை.

18 செப்டம்பர் 2024

சின்னத் துணுக்கு. கல்லூரி மாணவர் தன் கோப்பில் பார்க்க முடியாதவை என்று சட்டம் தனியாகச் சொல்பவற்றில், உரிமையை விட்டுக்கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு வேறு என்ன இருக்கிறது தெரியுமா? பெற்றோரின் வருமான, சொத்து விவரம். கல்லூரிக்கு நிதியுதவி கேட்டு நாம் கொடுக்கிற கணக்கைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. அப்பா சம்பளம் என்ன என்று வீட்டில் கேட்டு அடி வாங்கிய தலைமுறை நாம். வாஷிங்டனில் யாரோ நம்ம ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பான்.

22 செப்டம்பர் 2024

ஏன் இந்த வேவர் வந்தது என்று நியூஜெர்சி அக்கா கேட்டிருந்தார். கொஞ்சம் வரலாறு.

1974 ஆகஸ்ட் 21 அன்று ஃபெர்பாவில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். நிக்சன் பதவி விலகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்த திருத்தம், அதனால் பக்லி திருத்தம் என்றும் சொல்வார்கள். அவர் மனதில் இருந்தது முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகள். ஆசிரியரும் கவுன்சிலரும் ஒரு பிள்ளையைப் பற்றிக் கோப்பில் என்னென்னவோ எழுதி வைப்பார்கள், மற்றவர்கள் கைக்கு அது போகும், பெற்ற தாய் கேட்டால் மட்டும் காட்டமாட்டார்கள். ரகசியக் கோப்பு என்றாலே நாடு எரிச்சலில் இருந்த நேரம் வேறு. கமிட்டி விசாரணை எதுவும் இல்லாமல் அவையிலேயே திருத்தமாக வந்து நிறைவேறிவிட்டது.

நவம்பர் 19-இல் அமலுக்கு வர வேண்டும். அதற்குள் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. பல வருடங்களாக "இது ரகசியம்" என்று வாக்குக் கொடுத்து வாங்கி வைத்த கடிதங்களை எல்லாம் மாணவரிடம் நீட்ட வேண்டுமா என்று அலறினார்கள். டிசம்பர் 31-க்குள் ஒரு திருத்தம் வந்தது, முன்தேதியிட்டு நவம்பர் 19 முதலே செல்லும் என்று. 1975 ஜனவரி 1-க்கு முன்னால் கோப்பில் சேர்ந்த ரகசியக் கடிதங்களைக் காட்ட வேண்டாம். அதற்குப் பிறகு வருபவற்றுக்கு, மாணவர் விரும்பினால் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். உங்கள் மகள் பார்க்கிற அந்தப் பெட்டி அந்த நாலு மாதத்து அவசரத்தில் பிறந்தது.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, அதுதான் தொல்லை. என்னைப் பற்றி ஒருவர் எழுதி, அதை வைத்து என் வாழ்க்கையை இன்னொருவர் முடிவு செய்கிறார், எனக்குக் காட்டமாட்டார்கள் என்றால் கோபம் வருமா வராதா? வரும். அதே சமயம் நானே எழுதும்போது, எதிரே அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தால் என் கை வேறு மாதிரி எழுதுகிறது.

29 செப்டம்பர் 2024

விஷயத்தை விட்டு விலகிப் போகிறேன், பரவாயில்லை.

மார்க் என்பது நமக்கு ஊர்ச் சொத்து. என் கல்லூரியில் இன்டர்னல் மார்க்கைப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், மெஸ் அண்ணனுக்கும் நான் எதில் அரியர் என்று தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் மாநிலத்தில் முதலிடம் வாங்கியவர்கள் படம் பத்திரிகையில், பள்ளி வாசலில் பிளக்ஸ். தமிழ்நாட்டில் 2017-இல்தான் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பிளக்ஸ் நின்றதா என்று கேட்காதீர்கள்.

இங்கே முதல் செமஸ்டரில் பாடம் எடுக்கப் போனபோது நான் செய்த முதல் காரியம், திருத்திய தாள்களை வகுப்பு வாசலில் ஒரு பெட்டியில் வைத்து, அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. மதியத்துக்குள் துறைச் செயலாளர் அம்மா ஓடி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒருவர் மார்க்கை இன்னொருவர் பார்க்க விடக்கூடாதாம். (பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் வகுப்பிலேயே திருத்தி மார்க்கைச் சொன்னால் அது தப்பில்லை என்று 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, ஓவாசோ வழக்கு. ஆசிரியரின் பதிவேட்டில் ஏறும் முன் அது பதிவு ஆகாது என்பது வாதம். நான் வைத்த பெட்டிக்கு அந்த வாதம் செல்லாது.)

இன்னொரு செமஸ்டர் ஒரு அப்பா போன் செய்தார், நம்மூர்க்காரர்தான். "சார், பையன் எப்படிப் படிக்கிறான்?" என்னால் சொல்ல முடியவில்லை. பையன் வரிக் கணக்கில் அப்பாவைச் சார்ந்தவன் என்றால் கல்லூரி சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை, அதையும் நான் இல்லை, பதிவாளர் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஃபீஸ் நான்தானே சார் கட்டறேன்?"

ஆனால் ஒன்றில் நம் நாடு முந்தி இருக்கிறது. திருத்திய விடைத்தாளைத் தேர்வு எழுதியவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது, சி.பி.எஸ்.இ. வழக்கு. திருத்தியவர் யார் என்ற விவரத்தை மறைத்துவிட்டுக் காட்டலாம். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. சிபாரிசுக் கடிதத்துக்கு அது ஒத்துவராது, யார் எழுதினார் என்பதுதானே கடிதத்தின் பாதி எடை.

6 அக்டோபர் 2024

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

ஐந்தாறு வருடம் முன்னால் ஒரு மாணவன், பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நல்ல பையன், ஒரு செமஸ்டர் மட்டும் மார்க் தரையில். காரணம் என்னிடம் வந்து சொன்னான், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்து, போய்விட்டார். அலுவலக அறையில் அழுதான். அடுத்த வருடம் மேற்படிப்புக்குக் கடிதம் கேட்டான், வேவரில் டிக் போட்டிருந்தான். நான் உட்கார்ந்து நிஜமாகவே நல்ல கடிதம் ஒன்று எழுதினேன். அந்த செமஸ்டர் ஏன் அப்படி ஆனது என்று இரண்டு பத்தி. அப்பா, ஆஸ்பத்திரி, அவன் வாரா வாரம் காரோட்டிக்கொண்டு போய் வந்தது, எல்லாம். அந்த மார்க்கைப் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாதே என்று. இடம் கிடைத்தது. எனக்குப் பெருமை.

சேர்ந்த இரண்டாவது மாதம் எனக்கு எழுதினான். அங்கே ஒரு பேராசிரியர் முதல் சந்திப்பிலேயே, எல்லோர் முன்னாலும், "உன் அப்பா விஷயம் கேள்விப்பட்டேன், வருந்துகிறேன்" என்றாராம். அவன் தன் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதவில்லை. அதைக் காட்டி இடம் வாங்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். "நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள், ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான், திட்டவில்லை.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை அவன் விட்டுக்கொடுத்தான். தன் வீட்டு விஷயத்தை நான் எழுதலாம் என்று அவன் ஒருபோதும் சொல்லவில்லை. நான் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். இந்த இழையில் நாம் பேசுவது எல்லாம் மாணவர் பார்க்கலாமா என்பதைப் பற்றியே. எழுதுகிறவர் எதை எழுதலாம் என்பதை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. நிறைய எழுதுகிறவர்கள் மோசமானவர்கள் இல்லை, பாசக்காரர்கள். அவர்களிடம்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

7 அக்டோபர் 2024

விதி என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆசிரியர் தானே பார்த்ததை, தன் கருத்தை எழுத அனுமதி தேவையில்லை. கல்லூரிப் பதிவில் இருந்து எடுத்து மார்க், ஜி.பி.ஏ. போட்டால் மாணவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அந்த மாணவன் விஷயம் அவன் வாயால் என்னிடம் சொன்னது, பதிவில் இருந்து எடுத்தது அல்ல. ஆக சட்டப்படி நான் தப்பு செய்யவில்லை. இது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

இப்போதெல்லாம் கடிதம் கேட்டு வருபவரிடம் ஒரு தாள் கொடுக்கிறேன். என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். 'எழுதக்கூடாது' பகுதியில் ஒரு பெண் "நான் கார் ஓட்டும் விதத்தை" என்று எழுதியிருந்தாள். என் காரைப் பின்னால் இடித்தவள்.

20 அக்டோபர் 2024

"இப்போது டிக் போடாமல் விட்டு, சேர்ந்த பிறகு கேட்டுப் பார்க்கலாமே" என்று மறுபடி ஒருவர். செய்யலாம். 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் தி ஃபவுண்டன் ஹாப்பர் என்ற தங்கள் செய்திமடலில், ஃபெர்பாவை வைத்து உங்கள் அட்மிஷன் கோப்பைக் கேளுங்கள் என்று வழிமுறையை வெளியிட்டார்கள். கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். மாணவர்கள் கூட்டம் கூட்டமாகக் கேட்டார்கள், தங்கள் விண்ணப்பத்தைப் படித்த அதிகாரி எத்தனை மதிப்பெண் போட்டார், என்ன குறிப்பு எழுதினார் என்று பார்த்தார்கள். மற்ற ஊர்களிலும் தொற்றியது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சில பல்கலைக்கழகங்கள் அந்தக் குறிப்புகளை அழித்துவிடும் வழக்கத்துக்கு மாறின. ஃபெர்பா இருப்பதைக் காட்டச் சொல்கிறதே தவிர, வைத்திரு என்று சொல்லவில்லை. ஒருவர் கேட்டு மனு நிலுவையில் இருக்கும்போது மட்டும் அழிக்கக் கூடாது. நம்ம ஊர் தாலுக்கா ஆபீஸில் "ஃபைல் கிடைக்கல" என்பார்களே, அதை இங்கே நாகரிகமாகச் செய்கிறார்கள்.

2 நவம்பர் 2024

என் மகள் நேற்று அனுப்பிவிட்டாள். டிக் போட்டாள். நான் பக்கத்தில் நின்று இந்த இழையில் எழுதிய எல்லாவற்றையும் அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன், 1974 வந்ததும் "அப்பா, போதும்" என்றாள். இங்கிலீஷ் மிஸ் எழுதுகிறார். "என்ன எழுதியிருப்பார்னு தெரிய வேண்டாமா?" என்று கேட்டேன். "தெரிஞ்சா அவர் எனக்கு எழுதின மாதிரி ஆயிடும்ப்பா" என்றாள். அவளுக்கு எழுதினால் என்ன தப்பு என்று அப்போது கேட்கத் தோன்றியது. ராத்திரிதான் புரிந்தது.

அப்புறம் ஒரு திருத்தம். செப்டம்பர் 17-இல் மூன்று கடிதங்களையும் நானே எழுதினேன் என்று எழுதினேன். அது உண்மை இல்லை. கதைக்கு எடுப்பாக இருந்ததால் அப்படியே வந்துவிட்டது. இரண்டுதான் நான் எழுதியது.

மூன்றாவது ஒரு மேடம். சிக்னல்ஸ் பாடம் எடுத்தவர், அதிகம் பேசமாட்டார், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் எடுப்பார். மற்ற இருவரிடம் கொடுத்த மாதிரியே பிரிண்ட் எடுத்த கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், இரண்டு வரி படித்தார். "நீயே எழுதினதுல நான் எதுக்குப்பா கையெழுத்துப் போடணும்? கவரை வச்சுட்டுப் போ, நான் எழுதறேன்." எட்டுக் கவரையும் வைத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துக் கொடுத்தார், எல்லாம் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு. கொடுக்கும்போது படிவத்தில் என் டிக்கைக் காட்டினார். "பார்க்கற உரிமை வேணும்னு போட்டிருக்க. எம்மேல நம்பிக்கை இல்லையா?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இல்ல மேடம், சும்மா, தெரியாம என்று உளறினேன். சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "பாரு, பாரு. போயிட்டுப் பாரு" என்றார்.

கவரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கையால் எழுதியிருந்தார், அது மட்டும் தெரிந்தது.

3 நவம்பர் 2024

ஃபெர்பாவை மீறினால் வழக்குப் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். போட முடியாது. 2002, கொன்சாகா பல்கலைக்கழக வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் ஆசிரியர் ஆக விரும்பிய மாணவருக்குக் கல்லூரியிடமிருந்து நன்னடத்தைச் சான்று தேவை. அவரைப் பற்றி யாரோ பேசிக்கொண்டதைக் கல்லூரி ஊழியர் ஒருவர் கேட்டு, விசாரித்து, மாநில அலுவலகத்துக்குச் சொல்ல, சான்று கிடைக்கவில்லை. ஜூரி அவருக்குப் பெரிய தொகை கொடுத்தது, அதில் ஃபெர்பா மீறலுக்கு மட்டும் 4,50,000 டாலர். உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டது: இந்தச் சட்டம் தனி ஆளுக்கு வழக்குப் போடும் உரிமையைத் தரவில்லை, கல்வித் துறையிடம் புகார் செய்யலாம், துறை அந்த நிறுவனத்துக்கு நிதியை நிறுத்தலாம்.

நன்னடத்தைச் சான்று என்றதும் நம்ம டி.சி. ஞாபகம் வந்தது. 'மாணவரின் நடத்தை: நன்று.' பள்ளியில் நாங்கள் செய்த அட்டூழியத்துக்கு அது பொய்ச்சான்று. ஆனால் எல்லோருக்கும் ஒரே பொய் என்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. 'திருப்திகரம்' என்று எழுதிவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் மிரட்டினால் வகுப்பே நடுங்கும்.

12 ஜனவரி 2025

"நம்ம பிள்ளைகளைப் பற்றி 'அமைதியானவன், உழைப்பாளி' என்றுதான் எழுதுகிறார்கள்" என்று ஒரு அண்ணன் வருத்தப்பட்டிருக்கிறார். வெறும் புலம்பல் என்று தள்ள முடியாது. ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்டு மேல் போட்ட வழக்கு 2018-இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது, ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு 'தனிப்பட்ட பண்பு' மதிப்பெண் சராசரியாகக் குறைவு என்பது பெரிய விவாதமானது. 2019 தீர்ப்பில் நீதிபதி பரோஸ் ஹார்வர்டு பாகுபாடு காட்டவில்லை என்றார், அந்த வித்தியாசத்துக்குப் பள்ளி ஆசிரியர்கள், கவுன்சிலர்கள் எழுதும் கடிதங்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் வேறு திசையில் முடித்தது, அது வேறு கதை. ஆனால் கடிதங்கள் மேல் விழுந்த அந்தச் சந்தேகம் என் மனதில் தங்கிவிட்டது. எல்லோரும் உரிமையை விட்டுக்கொடுத்து, எவரும் எதையும் பார்க்காமல் இருந்தால் இந்த மாதிரி ஒரு வழக்கில் கோப்பு திறக்கும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. முதல் நாள் "டிக் போடச் சொல்லுங்கள்" என்று பட்டென்று சொன்னேன் இல்லையா, இன்றைக்கு அவ்வளவு பட்டென்று சொல்லமாட்டேன்.

போன வருடம் நான் எழுதிய கடிதங்களைத் திறந்து தேடிப் பார்த்தேன். 'அமைதியான' என்று நான்கு பேருக்கு எழுதியிருக்கிறேன். நால்வரும் ஆசியப் பிள்ளைகள். எழுதியவன் நான்.

16 பிப்ரவரி 2025

செய்துவிட்டேன். எம்.எஸ். படித்த பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு ஃபெர்பா மனு. நான் அங்கே படித்தவன், 2003-இல் இல்லை என்று டிக் போட்டவன், ஆக உரிமை எனக்கு இருக்கிறது. நேரில் வர முடியாத தூரம் என்பதால் நகல் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். படிக்கும்போது இரண்டு வருடம், அந்த அலுவலகத்தைத் தாண்டித்தான் தினமும் நூலகத்துக்குப் போவேன். ஒரு நாளும் உள்ளே போய்க் கேட்கவில்லை. "போயிட்டுப் பாரு" என்று அவரே சொல்லியும்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மகளுக்குத் தெரிந்தால் சிரிப்பாள்.

28 மார்ச் 2025

40-ஆம் நாள் பதில் வந்தது. படிப்பு முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு விண்ணப்பக் கோப்புகளை அழிப்பது வழக்கமாம், என்னுடையது எப்போதோ போய்விட்டது. டிரான்ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதோடு கணினியில் மிஞ்சியிருந்த ஒரு பக்கச் சுருக்கத்தின் நகல்: என் பெயர் (இனிஷியலைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள்), ஜி.ஆர்.இ., டோஃபல் மதிப்பெண், கடைசியில் ஒரு வரி. சிபாரிசுக் கடிதங்கள், வந்தவை: 3.